ரெண்டு நாள் போட்ட சப்பாத்து

வாடகைக்கு எடுக்கிறதோ, வாங்குறதோ எண்டுதானே கேட்டீங்கள் தம்பி? உதை வேற ஆரிட்டயும் கேக்காமல் என்னட்டக் கேட்டீங்கள் பாருங்கோ, அது நல்ல வேலை. இந்த பேர்ண் பட்டினத்தில பனிச்சறுக்குக் கட்டையைப் பற்றி என்னளவுக்கு நொந்த தமிழன் இருக்கமாட்டான். படி கவனம். கெலர் எண்ட இந்த நிலவறைக்குள்ள உந்த லைற் மூண்டு நிமிசத்தில தானா நிண்டு போகும். நிண்டால் சுவரில அந்தச் சுவிச்சைத் திரும்ப அமத்துங்கோ.

என்ர மனுசி தமிழ்ப் பள்ளிக்கூடத்தில உங்கட வீட்டுக்காரியைக் கண்டு சொன்னவவாம், எங்கட வீட்டில ஒரு சோடி சும்மா கிடக்குது, வந்து பாருங்கோ எண்டு. என்னட்ட ஒரு சொல்லுக் கேக்கேல்லை. கேட்டுப் பழக்கமுமில்லை. இந்த வீட்டில எல்லாம் நடந்து முடிஞ்ச பிறகுதான் எனக்குத் தெரியவரும். பரவாயில்லை. கிடந்து பழுதாப் போறதுக்கு உங்கட பிள்ளை போடட்டும்.

பிள்ளைக்கு என்ன வயது? பதினொண்டோ? கால் அளவு எத்தினை? முப்பத்தாறு! அச்சொட்டு. என்ர மகள் ஆரபிக்கும் அப்ப முப்பத்தாறுதான். இந்தச் சப்பாத்து முப்பத்தெட்டு. நல்லது, வளர்ற பிள்ளை, மூண்டு வருசத்துக்குப் போடலாம். ரெண்டு சொக்ஸைப் போட்டு விடுங்கோ. புதுசு தம்பி, சத்தியமாப் புதுசு. ரெண்டு நாள்தான் போட்டது. ரெண்டே ரெண்டு நாள்.

ஏன் ரெண்டு நாள் எண்டு கேக்கமாட்டியளோ? கேளுங்கோ. உங்களுக்கு அவசரமில்லைத்தானே? உந்தப் பெட்டியில இருங்கோ. அது எங்கட மிக்சி வந்த பெட்டி, தாங்கும்.

இது ஆறு வருசத்துக்கு முந்தின கதை. பெப்ரவரியில பள்ளிக்கூடம் ஒரு கிழமை விடுவினமெல்லே, எல்லாச் சுவிஸ் பிள்ளையளும் மலைக்குப் போகும். எங்கட பிள்ளையள் எங்க போகும்? எங்கட லீவு எண்டால் பாரிசில கலியாணம், லண்டனில சாமத்தியவீடு, இல்லாட்டி ஜெர்மனியில ஆற்றையோ செத்தவீட்டு அந்தியேட்டி. லீவு முடிஞ்சு போனால் ரீச்சர் கேப்பாவாம், ஆர் ஆர் எங்க எங்க போனனீங்கள் எண்டு. ஆரபி வருசம் வருசம் வீட்டில நிண்டனான் எண்டு சொல்லுவாளாம். பதின்மூண்டு வயதில ஒருநாள் தாயிட்டச் சொல்லியிருக்கிறாள், அம்மா, இந்த முறையும் வீட்டில நிண்டனான் எண்டு சொல்ல எனக்கு வெக்கமா இருக்கு எண்டு. மனுசி வந்து எனக்குச் சொன்னா. நான் இருவது வருசம் வயோதிபர் இல்லத்துக் குசினியில சட்டி கழுவினது என்னத்துக்கு? சரி, போறம் எண்டனான். முழுக் கிழமையும் மலையில.

தனிய எப்பிடிப் போறது? மனுசியின்ர தம்பி ஞானேஸ்வரனையும் குடும்பத்தோட கூப்பிட்டம். ஞானம் எண்டுதான் கூப்பிடுறது. தம்பி, அவனைப் பற்றிச் சொல்லோணும். அவன் இந்த நாட்டுக்கு வந்து இறங்கேக்க உடுப்பு ஒண்டு, உடம்பு ஒண்டு. மூண்டு வருசம் என்ர வீட்டில, என்ர அறையில படுத்தவன். அவனுக்கு வேலை எடுத்துக் குடுத்தது நான். பொம்பிளை பாத்தது நான். அத்தான் அத்தான் எண்டு வாய் ஓயாது. அந்த அத்தானுக்குத்தான் பாருங்கோ, அவன் கழுத்தில கத்தி வச்சவன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன்ர வீட்டில ஆட்டிறைச்சிக் கறியும் புட்டும். அங்கதான் இந்தக் கேள்வி வந்தது, இப்ப நீங்கள் கேட்ட அதே கேள்வி. ஞானம் சொல்லுறான், "அத்தான், ஆறு நாளைக்கு ஆரும் வாங்குவினமே? வாடகைக்கு எடுப்பம். கலியாணத்துக்குக் கதிரை வாடகைக்கு எடுக்கிறேல்லையோ?" எண்டு. நான் சொன்னன், "டேய், கதிரையில இருக்கிறது வேற, சப்பாத்துக்குள்ள கால் விடுறது வேற. ஊரான் போட்ட சப்பாத்துக்குள்ள என்ர பிள்ளை கால் வைக்காது. போட்டவன்ர சனியனும் சேர்ந்தெல்லே வரும்" எண்டு. அவன் சிரிக்கிறான்.

சிரிக்கிறவனுக்கு என்ன தெரியும்? நான் இந்த நாட்டுக்கு வந்த முதல் மாரியில அகதி முகாமில இருந்தனான். காலில றப்பர்ச் செருப்பு. வெளியில முழங்கால் மட்டும் பனி. ஒரு வயது போன வெள்ளைக்கார மனுசி ஒரு சோடி சப்பாத்துக் கொண்டுவந்து தந்தா, செத்துப்போன புருசன்ர. உள்ளுக்க கால் வச்சால் அந்த மனுசன்ர அஞ்சு விரலும் பதிஞ்ச பள்ளம், தம்பி. என்ர விரல் ஒண்டும் அந்தப் பள்ளத்துக்குள்ள இருக்கேல்லை. நடக்க நடக்கக் கடி. அந்த மனுசி பாவம், ஒவ்வொரு கிழமையும் வந்து சைகையில கேப்பா, எப்பிடி இருக்கு எண்டு. நல்லா இருக்கு எண்டு தலையாட்டிச் சிரிப்பன். பின்ன என்ன சொல்லுறது? ஆசையாத் தந்த மனுசியிட்டக் கடிக்குதெண்டு சொல்ல ஏலுமோ? அண்டைக்கு நினைச்சனான், எனக்கொரு பிள்ளை பிறந்தால் அது தன்ர சப்பாத்திலதான் நடக்கும் எண்டு.

இதை நான் ஞானத்துக்குச் சொல்லேல்லை. சொல்லத் தேவையுமில்லை, மூத்தவன் ஒரு சொல்லுச் சொன்னால் சரிதானே. நாங்கள் ரெண்டு குடும்பமும் வாங்குவம் எண்டு முடிவாச் சொன்னன். அவன் புட்டைக் குழைச்சுக்கொண்டு, "பாப்பம் அத்தான்" எண்டான். பாப்பம் எண்டால் என்ன? ஓம் எண்டுதானே? நீங்களே சொல்லுங்கோ. எனக்கு முகத்துக்கு நேர பாப்பம் எண்டு சொன்னவன்.

வீட்ட வந்தால் ஆரபியும் மெல்லக் கேக்கிறாள், "அப்பா, எங்கட வகுப்பில கனபேர் வாடகைக்குத்தான் எடுக்கினம், நாங்களும் எடுப்பமே?" எண்டு. நானும் பாப்பம் எண்டனான். அதோட அந்தக் கதை முடிஞ்சுது. அவளுக்கு விளங்கும், கெட்டிக்காரி.

பெரிய கடைக்கே கூட்டிக்கொண்டு போனன். அங்க ஒரு பெட்டை, தலையை உயர்த்திக் கட்டிக்கொண்டு, பிள்ளையின்ர காலை ஒரு பலகையில வச்சு அளந்தாள். முப்பத்தாறைக் கொண்டு வந்தாள். நான் முப்பத்தெட்டு எண்டன். அவள் டொச்சு பாசையில, அதுதான் ஜெர்மன், கடகடவெண்டு பொழிஞ்சு தள்ளினாள். ஆரபிதான் எனக்குச் சொல்லுறது. "அப்பா, சப்பாத்து இறுக்கமா இருக்கோணுமாம், கால் உள்ளுக்க ஆடக்கூடாதாம், ஆடினால் புண் வருமாம்." நான் சொன்னன், வளர்ற பிள்ளையெண்டு அவளுக்குச் சொல்லு எண்டு. ஆரபி சொன்னாள். பெட்டை தோளைக் குலுக்கிப்போட்டு நிண்டாள். அவளுக்கென்ன, வருசம் வருசம் புதுசு விக்கோணும், அதுதான் அந்தக் கதை. கட்டையையும் மகளின்ர தலைக்கு மேல ஒரு சாண் உயரமாத்தான் எடுத்தனான். நல்ல பச்சை நிறம். ஆரபியைக் கேட்டன், எப்பிடிப் பிள்ளை எண்டு. நல்லா இருக்கு அப்பா எண்டாள். அவளே சொன்னவள், தம்பி. அவளின்ர வாயாலயே சொன்னவள்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கொண்டு போனம். சிரிக்காதேங்கோ. கார் வாங்கினால் கொண்டு போறேல்லையோ? உதுவும் ஓடுற சாமான்தானே. ஐயர் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பாக்கிறார், "இதில எது முன்பக்கம்?" எண்டு கேக்கிறார். ரெண்டு நுனியிலயும் சந்தனம் குங்குமம் வச்சு, மகளின்ர நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை பண்ணி, பிறகு கார் விடுற இடத்தில ரெண்டு எலுமிச்சம்பழத்தை வச்சு, ஆரபியைக் கட்டையோட ஏறி மிதிக்கச் சொன்னனான். அவள் அங்காலயும் இஞ்சாலயும் பாத்தாள், பள்ளிக்கூடப் பிள்ளையள் ஆரும் நிக்கினமோ எண்டு. பாத்துப்போட்டு ஏறி மிதிச்சாள். நான் சொன்னதை ஒருநாளும் மறுக்காத பிள்ளை. அப்பிடித்தான் நான் நினைச்சுக்கொண்டிருந்தனான்.

லைற் நிண்டிட்டுது. அமத்துங்கோ. ஆ.

மலைக்குப் போனம். ஸ்டேசனில ஞானம் குடும்பம் வந்து இறங்குது. நான் பாக்கிறன், அவன்ர கையில சூட்கேஸ், பெண்சாதியின்ர கையில கறிச்சட்டி, மகன் கவின் பந்தோட நிக்கிறான். கட்டையைக் காணேல்லை! "எங்கயடா?" எண்டன். "அத்தான், அங்க கடையில எடுப்பம், சுமக்கிற கரைச்சல் இல்லை" எண்டு பல்லைக் காட்டுறான். நான் ஒருத்தன்தான் அந்த ஸ்டேசனில ஆளுயரக் கட்டையைத் தோளில வச்சுக்கொண்டு பேயன் மாதிரி நிக்கிறன். அந்த நேரமே எனக்கு விளங்கிப்போச்சு, என்னைப் பேய்க்காட்டிப் போட்டான் எண்டு. அண்டையில இருந்து அவனோட முகம் குடுத்துக் கதைக்கேல்லை.

சரி, மகளெண்டாலும் என்ர பக்கம் நிக்கிறாளே எண்டு மனதைத் தேற்றிக்கொண்டன். அவள் பழகுற சின்னச் சரிவுக்குக் கீழ ஒரு சாப்பாட்டுக்கடை, கண்ணாடிச் சுவர். நானும் மனுசியும் தேத்தண்ணிப் போத்தலும் மனுசி சுட்ட ரோல்ஸும் கொண்டு அதுக்குள்ள இருந்து பாக்கிறது. பச்சைக் கட்டை தூரத்திலயும் தெரியும். விழுவாள், எழும்புவாள், திரும்ப விழுவாள். கவின் பத்து வயது, அவன் சர்ரெண்டு போறான், இவள் விழுறாள். பழக நாள் எடுக்கும்தானே எண்டிட்டு நான் அதைப் பெரிசா எடுக்கேல்லை. இடைக்கிடை எங்களிட்ட வருவாள். வந்து மேசையில கிடக்கிற கடதாசிக் கைதுடையளை ஒரு கட்டா அள்ளிக்கொண்டு கழுவுற பக்கம் போயிட்டு வருவாள். ரோல்ஸ் எண்ணெய் எல்லே, கை துடைக்கவாக்கும். "சப்பாத்து எப்பிடிப் பிள்ளை?" எண்டு கேப்பன். "நல்லா இருக்கு அப்பா." பின்னேரமும் கேட்டனான். நல்லா இருக்கு அப்பா. அடுத்த நாளும் கேட்டனான். மூண்டு தரம் கேட்டனான், தம்பி! மூண்டு தரமும் என்ர முகத்தைப் பாத்து, சிரிச்சுக்கொண்டு சொன்னவள்.

அண்டு பின்னேரம் மனுசி ஒரு பேசினுக்குள்ள சுடுதண்ணியும் உப்பும் மஞ்சளும் போட்டுக்கொண்டு பிள்ளையின்ர அறைக்குள்ள போனா. கதவைச் சாத்தினா. நான் ரீவி பாத்துக்கொண்டிருந்தனான். குளிருக்கு நல்லதாக்கும் எண்டு விட்டிட்டன்.

மூண்டாம் நாள். மனுசி தலையிடி எண்டு வரேல்லை. நான் தனியப் போய் அந்தக் கண்ணாடிக்கு முன்னால இருக்கிறன். பாக்கிறன், பச்சைக் கட்டையைக் காணேல்லை. அரை மணித்தியாலம் பாக்கிறன். இல்லை. வெளியில வந்தால், வாடகைக் கடைச் சுவரில என்ர பச்சைக் கட்டை தனியச் சாத்திக் கிடக்குது! சந்தனம் அப்பவும் கொஞ்சம் இருக்கு. பிள்ளை எங்கயோ விழுந்து, ஆரோ தூக்கிக்கொண்டு போயிட்டினம் எண்டுதான் நினைச்சன். முருகா முருகா எண்டு அந்தப் பனிக்குள்ள ஓடுறன், சறுக்கிச் சறுக்கி ஓடுறன்.

அப்ப மேல இருந்து ஒரு பிள்ளை வருது. சிவப்புக் கட்டை. சின்னக் கட்டை, நாடிக்குத்தான் வரும். வளைஞ்சு வளைஞ்சு, ஒரு விழுகை இல்லை, தண்ணி ஓடுற மாதிரி வருது. வாய் விட்டுச் சிரிச்சுக்கொண்டு வருது. பின்னால ஞானம். நான் ஆரோ வெள்ளைக்காரப் பிள்ளை எண்டு நினைச்சனான், தம்பி. கிட்ட வந்த பிறகுதான், என்ர பிள்ளை.

என்னைக் கண்டாள். அந்தச் சிரிப்பு அப்பிடியே நிண்டிட்டுது.

அதைத்தான் என்னால மறக்க ஏலாமல் கிடக்கு. கட்டை போனால் போகட்டும், அது கிடக்கட்டும். என்னைக் கண்டதும் என்ர பிள்ளையின்ர சிரிப்பு நிண்டதே, அதுதான். சப்பாத்தைப் பாத்தன். பின்பக்கம் கடைக்காரன்ர நம்பர் ஒட்டியிருக்கு. எத்தினை பேர் போட்ட சப்பாத்தோ. "உனக்கு அப்பா வாங்கித் தந்தது வெக்கமோ?" எண்டு கேட்டன். சத்தமாத்தான் கேட்டிருப்பன், சனம் திரும்பிப் பாத்தது. அவள் நிலத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறாள். ஞானம் இடையில வாறான், "அத்தான், ஆறுதலாக் கதைப்பம், பிள்ளையின்ர கால்..." எண்டு துடங்கினான். "என்ர பிள்ளையின்ர காலைப் பற்றி நீ எனக்குச் சொல்லித் தரத் தேவையில்லையடா" எண்டு ஒரே சொல்லில வாயை அடைச்சன். நல்லாக் குடுத்தனான்.

மனுசிக்கும் தெரியுமாம். தலையிடி எண்டது பொய். முந்தின நாள் பின்னேரமே மனுசியும் ஞானமும் ஆரபியும் கூடிக் கதைச்சு முடிவெடுத்திருக்கினம், அத்தானுக்குச் சொல்லவேண்டாம், மனம் நோவார் எண்டு. எனக்கு மனம் நோகுமாம், அதால எனக்குத் துரோகம் செய்தினமாம். கேட்டியளோ ஞாயத்தை?

நான் அண்டைக்கே வெளிக்கிட்டன். பச்சைக் கட்டையையும் சப்பாத்தையும் தூக்கிக்கொண்டு தனிய ரயிலேறினன். முன்னால இருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர் கேக்கிறார், இண்டைக்குப் பனி நல்லா இருந்ததோ எண்டு. ஓம், நல்லா இருந்தது எண்டன். வந்து இந்தப் பையோடயே இஞ்ச வச்சனான். அதுக்குப் பிறகு திறக்கேல்லை. மனுசி வந்து, "உங்களுக்கு ஒண்டும் தெரியாது, அந்தப் பிள்ளைக்கு..." எண்டு துடங்கினா. இந்தக் கதையை இந்த வீட்டில ஆரும் எடுக்கப்படாது எண்டு சொல்லிப்போட்டன். ஆறு வருசமா எடுக்கேல்லை. ஞானத்தின்ர வாசல்படி மிதிக்கேல்லை. அவையள் வருசம் வருசம் மலைக்குப் போகினம், மனுசியும் ஆரபியும் அவையோட. என்னை வாங்கோ எண்டு கேக்கிறேல்லை. நானும் போறேல்லை.

ஆரபி இப்ப சூரிச்சில படிக்கிறாள். பத்தொன்பது வயது. அவளுக்கு இப்ப கால் முப்பத்தெட்டு, தெரியுமோ? போன வருசம் வாசலில கிடந்த அவளின்ர சப்பாத்தைத் திருப்பிப் பாத்தனான். அச்சொட்டு முப்பத்தெட்டு. நான் சொன்னது சரியா வந்ததோ இல்லையோ? ஞாயிற்றுக்கிழமையில போன் எடுப்பாள். எப்பிடிப் பிள்ளை இருக்கிறாய் எண்டு கேப்பன். நல்லா இருக்கிறன் அப்பா எண்டுவாள். சாப்பாடு? நல்லா இருக்கு அப்பா. படிப்பு? நல்லாப் போகுது அப்பா. பிறகு, அம்மாட்டக் குடுங்கோ எண்டுவாள். தாயோட ஒரு மணித்தியாலம் கதைப்பாள். ஒருநாள் கதவுக்கு வெளியில நிண்டு கேட்டனான், அழுது அழுது கதைக்கிறாள். என்ன விசயம் எண்டு எனக்கு ஆரும் சொல்லேல்லை. நானும் கேக்கேல்லை. கேட்டால் நல்லா இருக்கிறன் எண்டுதானே சொல்லப்போறாள்.

சரி, என்ர கதை கிடக்கட்டும். கட்டையைப் பாருங்கோ. ஒரு கீறல் இல்லை. இந்தாங்கோ, சப்பாத்தையும் பாருங்கோ. உந்தக் கொழுக்கியளை இப்பிடித் தட்டித் திறக்கோணும். கையை உள்ளுக்க விட்டுப் பாருங்கோ, எவ்வளவு மெத்து எண்டு. இருங்கோ, என்னவோ உள்ளுக்க கிடக்கு.

விரல் பக்கத்தில. என்னது உது. கடதாசி. அந்தச் சாப்பாட்டுக்கடையின்ர கைதுடை, பாருங்கோ, மரத்தின்ர படம் போட்டிருக்கு. ஒரு கட்டு. இஞ்சயும் கிடக்கு, குதிப்பக்கத்தில. உள்ளுக்க ஒட்டிப்போய்க் கிடக்கு, வரமாட்டன் எண்டுது. துரு பட்டிருக்கு. கொழுக்கியில இருந்து துரு இறங்கி...

இல்லை. உள்ளுக்க இரும்பு இல்லையே.

லைற் நிண்டிட்டுது, அமத்துங்கோ தம்பி. அமத்துங்கோ.

மற்றச் சப்பாத்திலயும் கிடக்கு. முழுக்கக் காஞ்சு போய்... பாருங்கோ தம்பி, உவ்வளவும்... ரெண்டு காலிலயும். ரெண்டு நாள். நான் ரோல்ஸ் திண்டுகொண்டு இருந்திருக்கிறன்.

இல்லைத் தம்பி. கோவிக்காதேங்கோ, இது விக்கிறதுக்கு இல்லை. சும்மாவும் தரமாட்டன். நீங்கள் போங்கோ, மனுசியிட்டத் தேத்தண்ணி வாங்கிக் குடியுங்கோ. நான் கொஞ்சம் பிந்தி வாறன். பிள்ளைக்கு வாடகைக்கே எடுங்கோ. எந்தக் கடையிலயும் எடுங்கோ, ஆற்ற சப்பாத்தும் பரவாயில்லை. போட்டு நடந்து பாக்கச் சொல்லுங்கோ. எப்பிடிப் பிள்ளை எண்டு கேளுங்கோ. நல்லா இருக்கு அப்பா எண்டு சொன்னால் நம்பாதேங்கோ, தம்பி. கழட்டச் சொல்லி, நீங்களே குனிஞ்சு, காலைப் பாருங்கோ.